வசந்தத்துக்குத் தைத்த வெள்ளை

அட்டைப்பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் கிருபாபாய் ஒரே ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழ்மடிப்பின் இடது மூலையில், விரல் நுனி அளவுக்கு, மஞ்சள்.

எங்கேயோ கை பட்ட கறையாக இருக்கும் என்று அடுத்ததை எடுத்தாள். அதிலும் மஞ்சள். அதே மூலை, அதே அளவு. அதற்கடுத்ததிலும். பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். பக்கத்துப் பெட்டியையும் கவிழ்த்தாள். வெள்ளைச் சட்டைகள் சிமெண்டுத் தரையில் சரிந்து பரவின. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும், யாரோ நிதானமாக உட்கார்ந்து, மஞ்சளைக் குழைத்துத் தொட்டு வைத்திருந்தார்கள்.

"ஏங்க!"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஐயாதுரை ஓடிவந்தான். "என்னட்டி, பாம்பா?"

"பாம்புன்னா அடிச்சிரலாமே. வந்து பாருங்க."

பார்த்தான். "மஞ்சதான? தட்டி விடு, போயிரும்."

"தட்டினாப் போறதுக்கு அது என்ன மாவா? நாளைக்குச் சாயங்காலம் சுப்புராஜ் வாரான். லாரி வருது. இதைக் கொண்டுபோய் அவன் மூஞ்சியில எப்படி நீட்ட?"

சுப்புராஜ் சரி என்று சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் இருவருக்குமே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக்காரரிடம் ஐயாதுரை வாக்குக் கொடுத்து வைத்திருந்தான். இந்த வெள்ளைச் சட்டை வேலை சரிப்படவில்லை என்றால், கார்த்திகை முடிந்ததும் தையல் ஷெட்டு முழுக்க நைட்டி. கழுத்தில் இரண்டடுக்கு ஃபிரில், கையில் லேஸ், நெஞ்சில் ஒரு ரோஜாப்பூ. கடைக்காரரின் ஆளே வெட்டி அனுப்பிவிடுவான். இவர்கள் தைத்தால் போதும். கிருபாபாய் தன் கத்தரியைத் துடைத்து எடுத்து வைத்துவிடலாம். தன் யோசனையில் ஓர் உடுப்பு வெட்டுவது என்பது அதோடு சரி.

இந்த வேலை வந்ததே ஒரு கூத்துதான். போன பங்குனியில் மகளுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. உடம்பில் எந்தத் துணி பட்டாலும் பிள்ளை அழுதாள். செட்டியார்பட்டி சங்கரலிங்கத்தின் தறியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் பேண்டேஜ் துணியில் கொஞ்சம் வாங்கி, இரட்டையாகப் போட்டு, தோளில் மட்டும் ஒரு வெட்டு கொடுத்து, தொளதொளவென்று ஒரு சட்டை தைத்தாள் கிருபாபாய். துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் சுப்புராஜ் தெருவில் போனான். சாலியர் தெருவுக்கு அந்தாண்டை ராஜூக்கள் வீட்டுப் பையன். மெட்ராஸில் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. கொடியில் தொங்கிய சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டான்.

"இதை யாருக்கா வெட்டினது?"

"நாந்தான். ஏம்ப்பா, காத்துல விழுந்துருச்சா?"

அவன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஆவணியில் திரும்பி வந்தான்.

"வெளிநாட்டுல குளிர் முடிஞ்சு வெயில் எட்டிப் பாக்குத காலத்துக்குன்னு தனியா ஒரு தினுசு உடுப்பு போடுவாங்கக்கா. வசந்த கால உடுப்பு. உங்க சட்டையத்தான் கேக்காங்க. மாசியில அவங்க கடையில தொங்கணும்."

"அப்ப நாம எப்பத் தைக்க?"

"ஐப்பசி, கார்த்திகையில."

"அடைமழையிலயா வசந்தம்?" என்று சிரித்தாள்.

"சாயம் வேண்டாம். பூ வேண்டாம். லேஸ் வேண்டாம். துணி துணியா இருந்தாப் போதும். வெட்டுதான்க்கா அழகு."

இந்த வார்த்தையைக் கேட்பதற்குத்தான் கிருபாபாய் இத்தனை வருஷமாகக் காத்துக் கிடந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் தையல் வகுப்பில் படித்த காலத்திலிருந்தே அவளுக்கு அது ஒரு வாதை. தோள் கச்சிதமாக விழுந்த ஒரு ஜாக்கெட்டைக் காட்டினால், "மொட்டையா இருக்கே, இதுல என்ன வைக்கப் போற?" என்பார்கள். பஃப் வை. பைப்பிங் வை. குஞ்சம் வை. எதையாவது வை. வைத்து வைத்து அவளுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. ஒன்றும் வைக்காத உடுப்பைக் கேட்க, கடல் தாண்டி ஒருத்தர் இருக்கிறார்கள் என்றால் விடுவாளா?

ஆனால் ஊர் விட வேண்டுமே.

சங்கரலிங்கம் அனுப்பிய முதல் துணி பளீரென்று நீலம் பூத்து வந்தது. கிருபாபாய் பஸ் ஏறிச் செட்டியார்பட்டிக்குப் போனாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"நீலம் போடாதீக, வெளுக்காதீக, தறியில இருந்து எறங்கின மேனிக்குக் குடுங்கன்னு சொன்னேனா இல்லையா அண்ணாச்சி?"

"அழுக்குக் கலர்ல துணி போனா, வெள்ளைக்காரன் என்னய என்ன நெனப்பான்? சங்கரலிங்கம் துணியத் தொவைக்காம அனுப்பியிருக்கான்னு சொல்ல மாட்டான்?"

"அவிய கேக்கதே அந்தக் கலரத்தான்."

"அவிய கேப்பாக. நமக்கு மானம்னு ஒண்ணு இருக்குல்லா?"

அடுத்த முறை நீலம் இல்லை. கஞ்சி இருந்தது. அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. "மனசு கேக்கலம்மா, கஞ்சியாவது போட விடு" என்று தறிக்காரப் பையனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் முறை அவள் தறிக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, இறங்கிய துணியை அப்படியே சுருட்டி வாங்கி வந்தாள்.

ஷெட்டிலும் அதே கதை. ஐயாதுரை ஆசையாகத் தங்கக் கலர் பட்டன் வாங்கி வந்தான். அவள் சிரட்டைப் பட்டன்தான் வைப்பேன் என்றதற்கு, "தேங்காயத் தின்னுட்டுச் சிரட்டைய வெளிநாட்டுக்கு அனுப்புதா" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தான். தையல்காரிகளில் வாய்க்காரி பாலம்மாள். அவள் ஒரு சட்டைக் கழுத்தில் சின்னதாகச் சிவப்பு நூலில் பூப் போட்டிருந்தாள்.

"என்னட்டி இது?"

"ஒரே ஒரு பூத்தான்க்கா. மூளியா இருக்குல்லா. பார்க்கவே சங்கடமா இருந்துச்சு."

"பிரி."

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இருக்குன்னுதாம்ட்டி பிரிக்கச் சொல்லுதேன். கழுத்தப் பாக்கணும், ஒன் பூவப் பாக்கக் கூடாது."

பாலம்மாள் மற்றவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிரித்தாள்.

மழை வேறு. மேற்கே மலையைக் கண்ணில் பார்த்தே நாளாயிற்று. கரண்டு போய்ப் போய் வந்தது. இஸ்திரிப் பெட்டிக்குக் கரி நமத்துப்போய்ப் புகைந்தது. சட்டையில் வாடை ஏறிவிடும் என்று ஷெட்டுக்குள் கருவாடு கொண்டு வரக் கூடாது என்று கிருபாபாய் சொன்னதில், மத்தியானச் சோறு எல்லோருக்கும் மோர் மிளகாயோடு முடிந்தது. அந்தக் கோபம் தனி. இத்தனையும் தாண்டி, தைத்து, தேய்த்து, மடித்து, பெட்டியில் அடுக்கியாயிற்று.

அடுக்கிய பிறகுதான் இந்த மஞ்சள்.

கிருபாபாய் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். மூலையை நனைத்து, சோப்பை வைத்து ஒரு தேய். மஞ்சள் போகவில்லை. சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது.

எட்டிப் பார்த்த ஐயாதுரை சொன்னான்: "இப்பத்தாம்ட்டி நெசமான பேண்டேஜ் மாதிரி இருக்கு."

சோப்பு அவன் காதோரமாகப் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். அது அவளுக்கும் தெரியும். எங்கே இருக்கிறது வெயில்? வானம் சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோலக் கிடந்தது.

உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தையல்காரிகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தரையில் கிடந்த சட்டைகளைப் பார்த்ததும் சாக்கை உதறாமலே நின்றார்கள்.

"யாரு வச்சது?"

ஒருத்தியின் பின்னால் ஒருத்தி ஒதுங்கினாள்.

"வாயில என்ன வச்சிருக்கீக? யாரு வச்சது?"

பாலம்மாள்தான் பேசினாள். "எல்லாருந்தான்க்கா வச்சோம். நேத்து நீங்க வேதக்கோயிலுக்கு ஜெபத்துக்குப் போயிருந்தப்ப."

"எதுக்கு?"

"புதுத்துணி. அதுவும் முச்சூடும் வெள்ளை. ஒரு பொட்டு மஞ்ச இல்லாம ஒரு பொம்பளப்புள்ள எப்படிக்கா ஒடம்புல போடுவா?"

"அந்த ஊர்ப் பொம்பளைக்குத் தாலியே கெடையாதுட்டி!"

"இல்லாட்டி என்ன? அவளும் ஒருத்தி பெத்த புள்ளதான?"

பூ வைத்தவளைத் திட்டலாம். நீலம் போட்டவரைத் திட்டலாம். ஊர் பேர் தெரியாத ஒரு பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று மஞ்சள் வைத்தவளை எந்த வார்த்தை போட்டுத் திட்டுவது?

"யாரு முதல்ல சொன்னது? அதையாவது சொல்லுங்க."

இஸ்திரி மேஜைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நாந்தான் சொன்னேன் தாயி."

சீனியம்மாள். தேய்ப்பதும் மடிப்பதும் அவள் வேலை. செட்டியார்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. சத்தமாகப் பேசியே யாரும் கேட்டதில்லை.

"நீயா சீனியக்கா?"

"அம்புட்டுச் சட்டையும் என் கை பட்டது தாயி. ஒவ்வொண்ணா நாந்தான தேச்சு மடிச்சேன்? வெள்ளைத்துணி, வெள்ளைச்சேலக்காரி கை. நாளைக்கு அதப் போடுத புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு. நான் வைக்கக் கூடாது, நீங்க வைங்கட்டின்னு இவளுககிட்டச் சொன்னேன். மூலைய விரிச்சு மட்டும் பிடிச்சேன். மஞ்சளத் தொடலை."

கிருபாபாய் குனிந்து, தரையில் கிடந்த சட்டைகளில் ஒன்றை எடுத்தாள்.

அதை மேஜையில் விரித்தாள். கீழ்மடிப்புக்கு மேலே விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"மூணு விரக்கடை வெட்டி எடுத்திருவோம். மறுபடி மடிச்சு அடிப்போம். நாளை மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம். கத்தரிய எடுங்க."

ஒருத்தியும் அசையவில்லை.

"காது கேக்கலையா?"

"மஞ்சள அறுக்கச் சொல்லுதீகளாக்கா?" என்றாள் பாலம்மாள். கை தன்னால் கழுத்துக்குப் போயிற்று. "என் கழுத்துல கெடக்கதும் மஞ்சக் கயிறுதான். வச்ச கையால அறுக்க மாட்டேன். நீங்க வெட்டிப் போடுங்க, ராப்பகலா ஒக்காந்து தச்சுத் தாரேன். அறுக்க மட்டும் சொல்லாதீக."

"துணிய வெட்டப் போறோம்ட்டி. துணிய!"

"நீங்க வேதக்காரக. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க அறுங்க."

ஐயாதுரை மீசையைத் தடவிக்கொண்டு ஒரு கத்தரியை எடுத்தான். ஒரு சட்டையை வெட்டினான். அது பாம்பு போன தடம் மாதிரி வளைந்து போயிற்று. கிருபாபாய் கத்தரியைப் பிடுங்கினாள். "போயி மொகத்தக் கழுவுங்க. நுரை காஞ்சு போச்சு."

ஒருத்தி வெட்டி நாளைக்குள் முடிகிற வேலையா இது? அவளுக்கே தெரியும், முடியாது. கண்ணுக்குள் ரோஜாப்பூ வைத்த நைட்டிகள் வரிசையாக வந்து நின்றன.

சீனியம்மாள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தாள். வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கொண்டா தாயி. என்கிட்ட அறுக்கதுக்கு இனி என்ன மிச்சம் இருக்கு?"

அந்த இடத்தில் கிருபாபாய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் அந்த வார்த்தை வாய்க்கு வந்தது. லாரி வருவது நினைவுக்கு வந்தது. தன் கத்தரியையே எடுத்துச் சீனியம்மாளிடம் நீட்டினாள்.

இருவரும் வெட்டினார்கள். வெட்ட வெட்ட, மூலையில் மஞ்சள் வைத்த நீள நீளத் துண்டுகள் நடுவில் குவிந்தன. தையல்காரிகள் மிஷின் மிதித்தார்கள். அந்தத் துண்டு ஏதாவது காலருகில் சரிந்தால் காலை இழுத்துக்கொண்டார்கள். தகரத்தில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா தாயி?" என்றாள் சீனியம்மாள், கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேளுக்கா."

"அம்புட்டுத் தொலவுல இருந்து இந்த வெள்ளைய அழகுன்னு சொல்லியா கேட்டு வாங்குதாக? நெசமாவா?"

"நெசந்தான்க்கா. ஒண்ணுமே இல்லாம இருக்குல்லா, அதுதான் அழகு."

"எந்தம்பி வெள்ளைச்சேல எடுத்துட்டு வந்து குடுத்த அன்னையில இருந்து நானும் இதத்தான் கட்டுதேன். ஒருத்தரும் அழகுன்னு சொன்னதில்லையே" என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

கிருபாபாயின் கையிலிருந்த துணியில் வெட்டு முதல் தடவையாகக் கோணலாகப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் சுப்புராஜ் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் ஒரு சட்டையை எடுத்தான். டேப்பை வைத்தான். புருவம் சுருங்கியது.

"நீளம் கொறையுதேக்கா."

"தெரிஞ்சுதான் கொறச்சேன். கீழ கெடந்து இழுத்துக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் தோள் நிக்கி. தூக்கிப் பிடிச்சுப் பாரு."

பாதி பொய். மீதி அவளே எதிர்பாராத உண்மை. சுப்புராஜ் இரண்டு கையாலும் தோளைப் பிடித்துத் தூக்கினான். ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாக வந்தது. துணி எதையும் காட்டிக்கொள்ளாமல் தொங்கியது. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன்னையறியாமல் தெலுங்கில், "பாக உந்தக்கா" என்றான், நல்லா இருக்கு என்று. மெட்ராஸுக்குப் போன் போட எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். திரும்பி வந்தபோது நனைந்திருந்தான், சிரித்துக்கொண்டிருந்தான்.

"இனிமே நீளம் இதுதான்னு சொல்லிட்டாங்க. அடுத்த தடவைக்கும் நீங்கதான் வெட்டணும். கவுன் மாதிரி ஒண்ணு, மேல போடுதாப்ல ஒண்ணு. ஒங்க இஷ்டத்துக்கு வெட்டி அனுப்பச் சொன்னாங்க."

ஐயாதுரை ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரரிடம் நைட்டி இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த ஊரிலிருந்தே பால்கோவாவோடு வந்தான். எல்லோருக்கும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தான். லாரி போயிற்று. கிருபாபாய் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் சீனியம்மாள் வரவில்லை. மழையில் நனைந்து காய்ச்சலாக இருக்கும் என்று கிருபாபாய் நினைத்தாள். அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இஸ்திரிப் பெட்டி பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது.

"ஏட்டி பாலம்மா, ஒங்க பஸ்லதான வருவா? சீனியக்காவுக்கு என்ன?"

பாலம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "நாங்கதான் வர வேண்டாம்னு சொன்னோம்."

"என்னது?"

"எந்தங்கச்சி மாசமா இருக்காக்கா. வீட்டுக்குப் போயி அவளத் தொட்டுப் பேசணும், சோறு பொங்கிக் குடுக்கணும். அம்புட்டு மஞ்சளையும் அறுத்த கை தேச்ச துணிய நான் மடியில போட்டுத் தைக்கவா?"

"அவதானட்டி மஞ்சளே வைக்கச் சொன்னா!"

"வைக்கச் சொன்னதக் குத்தம் சொல்லலையே."

"நானும்தான் அறுத்தேன். என்னய என்ன செய்யப் போறீக?"

"நீங்க வேறக்கா."

"என்னட்டி வேற? ரெண்டு கொம்பா மொளச்சிருக்கு எனக்கு? இஷ்டமில்லாதவளுக இப்பவே எந்திரிச்சுப் போங்கட்டி. ஒருத்தியும் வேண்டாம் எனக்கு!"

மிஷின்கள் நின்றன. ஒவ்வொன்றாக. யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அழவில்லை. பாலம்மாள் அமைதியாக நூலைக் கடித்து அறுத்தாள்.

"போகச் சொன்னாப் போறோம்க்கா. நைட்டி தைக்க எங்கனயும் கூப்பிடத்தான் செய்யுதாக."

மேஜை மேல் புதுக் கவுனுக்குக் கிருபாபாய் வரைந்து வைத்திருந்த தாள் காற்றில் படபடத்தது. அதன் மேல் கத்தரியை வைத்தாள். பிறகு உள்ளே போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு மிஷின் தொடங்கியது. பிறகு இன்னொன்று.

மறுநாள் செட்டியார்பட்டிக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்து, சொல்லி வைத்ததுபோல வெயில் சுள்ளென்று அடித்தது.

சங்கரலிங்கத்தின் தறி ஷெட்டுக்குப் பின்னால், ஓலைக் கொட்டகையில் சீனியம்மாள் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளைச் சுருள்கள்.

"வா தாயி. ஒக்காரு. வேர்த்துக் கொட்டுதே."

"ஒக்கார வரல. கெளம்புக்கா. நாளைக்கு வந்துரு."

"அவளுக?"

"அவளுகளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். கேக்கலைன்னா நிறுத்திருதேன்."

"நிறுத்திட்டு யார வச்சுத் தைப்ப?"

கிருபாபாய் காலடியில் உருண்டு வந்த ஒரு சுருளை எடுத்து மற்றவற்றோடு வைத்தாள்.

"புது ஆர்டர் வந்துருக்காமே? அண்ணாச்சி சொன்னாக. நல்லாச் செய் தாயி." சீனியம்மாளின் கை நிற்கவே இல்லை, துணி சுற்றிக்கொண்டே போயிற்று. "இங்க எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இது புண்ணுக்குப் போற துணி. இத எந்தக் கை சுருட்டுச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. மஞ்சளும் வைக்க வேண்டாம், அறுக்கவும் வேண்டாம்."

"எம்மேல கோவமாக்கா?"

"ஒம்மேல எதுக்குக் கோவம்? நீ நல்ல புள்ள."

"அவளுக மேல?"

"அவளுக என்ன செய்வாளுக, பாவம். நான் அவளுக எடத்துல இருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கிருபாபாய்க்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சண்டை போட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லை. "வாரேன்க்கா" என்றாள். வெளியே வந்தாள்.

ஊருக்குத் திரும்புகிற ராஜபாளையம் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அக்கா, செத்த உள்ள தள்ளி நில்லுங்க" என்றான்.

கிருபாபாய் திரும்பினாள். உள்ளே எங்கே தள்ளி நிற்பது, மனுஷி நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா, எத்தனை பேரைத்தான் ஏற்றுவாய், உனக்குக் கேட்பாரில்லையா என்று அவள் தொடங்கியது பஸ் ஆற்றுப்பாலம் தாண்டியும் முடியவில்லை. கூடைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் பயந்தே போனான்.

"என்னக்கா, நான் என்னக்கா செஞ்சேன்?"

கிருபாபாய் மூச்சு வாங்கினாள்.

"நீ ஒண்ணும் செய்யல" என்றாள். "ஒருத்தரும் ஒண்ணும் செய்யல. டிக்கெட்டைக் குடு."